வலது தோள் வழியாக

எனக்குப் பல்வலி கிடையாது அண்ணாச்சி. அதை முதல்லயே சொல்லிப்புடுதேன். நீங்க கன்னத்துல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீய, அந்தா அந்தம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு இருக்காவ. வலின்னு வந்தது நீங்கள்லாம்தான். நான் ஒரு காயிதம் வாங்க வந்திருக்கேன். 'இவருக்குத் தாடை நல்லா இருக்கு, இவர் கடலுக்குள்ள இறங்கலாம்' அப்படின்னு டாக்டர் எழுதிக் குடுத்தா போதும். ரெண்டு வரி.

தாடையைத் தடவிக்கிட்டு இருந்தேனா? எப்ப? சும்மா ஒரு பழக்கம் அது. சவரம் பண்ணுனவன் எவனும் தடவத்தான் செய்வான்.

நமக்கு டோக்கன் பதினொண்ணு. உங்களுக்குப் பதினாலா? அப்ப நேரம் கெடக்கு. இப்பத்தான் ஏழாம் நம்பர் உள்ள போயிருக்கு. நீங்க பேச வேண்டாம், உங்களுக்கு வலிக்கும். நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க.

என் பேரு கஸ்பார். இந்தத் தூத்துக்குடியில கடலுக்கு அடியில வேலை பாக்குற ஆளுகள்ல கஸ்பாருன்னு கேட்டுப் பாருங்க, தெரியாதவன் இருக்க மாட்டான். இருபத்திரெண்டு வருஷம். முதல்ல துறைமுகத்துல கப்பல் அடியைச் சுரண்டுற வேலை, இப்ப ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில இருக்கேன். சிமெண்டுல கூண்டு கூண்டா செஞ்சு தீவுக்கு வெளிய கடல் தரையில வைக்கோம். மீன் வந்து அடையும், பவளம் ஒட்டும். அஞ்சு பேர் கொண்ட டீமு. நான்தான் லீடர். இப்போதைக்கும் நான்தான். யாரும் என்னை இன்னும் மாத்தல.

சிலிண்டர் மாட்டி இறங்கியிருக்கியளா? இல்லைல்லா. அப்ப சொன்னாத்தான் விளங்கும். முதுகுல சிலிண்டர். அதோட தலைமாட்டுல இருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கிளம்பி, வலது தோளுக்கு மேல ஏறி, காதுப் பக்கமா வளைஞ்சு, வாய்க்கு வரும். ஹோஸ் முனையில ரெகுலேட்டர். உள்ளங்கை அகலம் இருக்கும். அதுல ஒரு ரப்பர் மவுத்பீஸ். அதைப் பல்லால கடிச்சுக்கிட்டா காத்து வரும். விட்டா தண்ணி வரும். அம்புட்டுதான் விசயம். இதுல என்ன படிப்பு வேண்டிக்கெடக்கு?

ஹோஸு கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும். நீங்க தலையை இடது பக்கம் திருப்பினா, அது வாயை வலது பக்கமா இழுக்கும். இழுக்கட்டுமே. இழுத்தாத்தானே அது வாயில இருக்குன்னு அர்த்தம். ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா தாடை கொஞ்சம் கனக்கும். மேல வந்து ஒரு டீ குடிச்சாப் போயிரும். இப்ப டீ குடிச்சாலும் போகலையேன்னு கேட்டா, டீ அந்த லச்சணத்துல போடுதான்.

போன வருசம் புதுசா ஒரு பிள்ளை வந்துச்சு டீமுக்கு. அபிஷான்னு பேரு. நாகர்கோவில் பக்கம். இருபத்தேழு வயசு இருக்கும். கடல் படிப்பு படிச்சிருக்கு. நல்லா நீந்தும், அதை நான் இல்லைன்னு சொல்லல. வந்த முதல் வாரமே என்ன செஞ்சுச்சு தெரியுமா? கம்பெனி குடுத்த ஹோஸைக் கழட்டி வச்சிட்டு, அதைவிட ஒரு முழம் நீளமான ஹோஸை மாட்டுச்சு. மாட்டுனது மட்டுமில்ல. வலது தோளுக்கு மேல விடாம, கக்கத்துக்கு அடியில விட்டு, மார்ப்பக்கமா மேல கொண்டாந்து, வாய்க்கிட்ட சுத்தித் திரும்புற மாதிரி ஒரு சின்ன மூட்டு வச்சு மாட்டிக்கிட்டு வந்து நிக்கி!

“என்ன பிள்ள இது?”ன்னு கேட்டேன்.

“அண்ணே, தோள் வழியா வந்தா வாயை இழுக்கு. தாடை வலிக்கு. கைக்கு அடியில வந்தா இழுக்கவே இழுக்காது. லேசாக் கடிச்சாப் போதும்.”

“தாடை வலிச்சா பேச்சைக் குறைச்சுக்கோ,” அப்படின்னேன். படகே சிரிச்சுச்சு. அந்தப் பிள்ளையும் சிரிச்சுச்சு. ஆனா ஹோஸை மாத்தல, பாத்துக்கிடுங்க.

நான் சும்மா விடுவனா? கூப்பிட்டு வச்சு எடுத்துச் சொன்னேன். ஏ பிள்ள, உலகம் பூராவும் ஹோஸு வலது தோள் வழியாத்தான் வருது. ஆபத்துன்னா கை தானா வலது தோளுக்குத்தான் போகும். நீ கக்கத்துல ஒளிச்சு வச்சா, காத்து இல்லாம உன்னுதைப் பிடிக்க வாரவன் எங்கன்னு தேடுவான்? அதுக்கு அது சொல்லுது, “தேட வேண்டாம் அண்ணே, நானே எடுத்துக் குடுப்பேன், நீளமா இருக்குறதுனால உங்க கைக்கு வந்துரும். எனக்கு இன்னொரு ரெகுலேட்டரு, ஸ்பேரு, இந்தா கழுத்துல தொங்குது.” எல்லாத்துக்கும் ஒரு பதில்.

அடுத்த மாசம் நம்ம செலஸ்டின் மாத்திட்டான். பதினாலு வருசமா என் கூட இறங்குறவன். கேட்டா, “ஒரு நாள் போட்டுப் பாத்தேன் மாமா, கழட்ட மனசு வரல”ங்கான். அப்புறம் ஒருத்தன். அப்புறம் இன்னொருத்தன். மழைக்காலம் முடிஞ்சு திரும்ப வேலை தொடங்குறப்ப படகுல பாக்கேன், நாலு பேருக்கும் கக்கத்துக்கு அடியில ஹோஸு. எனக்கு மட்டும் தோள் மேல. சரி, இருக்கட்டும். ஒத்தையா நிக்கிறவன் எல்லாம் தப்பாவா இருப்பான்?

இதுக்கு நடுவுல ஸ்டோர்ல இருக்குறவன் ஒருத்தன் கேக்கான், “மத்தவங்களுக்கு மவுத்பீஸ் ஒரு வருசம் வருது, உங்களுக்கு மட்டும் மாசம் ஒண்ணு போகுதே, என்ன செய்யுதீய?” நான் என்ன செய்யுதேன்? இப்ப வர்ற ரப்பர் ரப்பராவே அண்ணாச்சி இருக்கு? கடிக்கிறதுக்குன்னு உள்ள ரெண்டு பக்கமும் திண்டு மாதிரி இருக்கும். நாலு வாரத்துல துண்டா வந்துருது. மத்த நாலு பேருக்கு மட்டும் நல்ல ரப்பராப் பாத்துக் குடுக்கான், எனக்கு ஒதுக்குனதைத் தள்ளி விடுதான். கேக்க ஆள் இல்ல.

என் வீட்டுக்காரி செல்சி வேற. சாப்பிடுறப்ப என் தாடையில இருந்து 'டொக்கு டொக்கு'ன்னு சத்தம் வருதாம். தட்டுல கரண்டி படுத சத்தம் அது. சோத்தைக் குழைய வடிக்கச் சொன்னா அதுக்கும் ஒரு பார்வை. வயசாக ஆக ருசி மாறும்லா? நமக்குக் குழைஞ்சாப் பிடிக்குது. பொறிச்ச மீனைவிடக் குழம்பு மீனு பிடிக்குது. இதுல தாடை எங்க வந்துச்சு?

எட்டாம் நம்பர் கூப்பிடுதாவ. நமக்கு இல்ல, இருங்க.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை. காலையில எட்டரை மணி. பதினாலு மீட்டர் ஆழம். ஒரு கூண்டு சரிஞ்சு கெடக்கு, அதை நிமித்தணும். எனக்கு ஜோடி அன்னைக்கு அபிஷா. இறங்குறதுக்கு முன்னால ஜோடி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுப் பாக்கணும். ஹோஸு எங்க தொடங்குது எங்க முடியுது, எங்கயாச்சும் மாட்டிக்கெடக்கா, எல்லாம் கையால ஓட்டிப் பாக்கணும். இந்த டீமுல அதை எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே நான்தான். அந்தப் பிள்ளை கையைக் கொண்டாருச்சு. “போதும் போதும், நீ பள்ளிக்கூடம் போற காலத்துலயே நான் கடல்ல இறங்குனவன், நீ என்னத்தைத் தொட்டுப் பாக்கப் போற”ன்னு கையைத் தட்டி விட்டேன். அது ஒரு தப்பா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா.

கீழ போனோம். கூண்டுக்கு அடியில கம்பியைக் குடுத்து நெம்புதேன். நெம்புறப்ப பல்லைக் கடிக்கத்தானே செய்வோம்? கடிச்சேன். 'சடக்'குன்னு ஒரு சத்தம். பாத்தா, ரப்பர் என் வாயில இருக்கு, ரெகுலேட்டர் காத்தைப் பீச்சிக்கிட்டு என் முதுகுப் பக்கம் போயிட்டு. ரப்பரோட கழுத்து கிழிஞ்சிட்டு. இழுத்த மூச்சுல ஒரு மடக்கு உப்புத் தண்ணி உள்ள போச்சு.

பயந்தேனான்னு கேக்கீயளா? பயப்படல. ஸ்பேரு இருக்குல்லா, மஞ்சக் கலர்ல, விலாப் பக்கமா. கையை வச்சு இழுக்கேன், வரல. மறுபடி இழுக்கேன், வரல. வெயிட் பெல்ட்டு இருக்கு பாருங்க, இடுப்புல ஈயக் கட்டி கோத்துக் கட்டுறது, அதுக்குள்ள ஸ்பேரு ஹோஸு சிக்கிக் கெடக்கு. கட்டுறப்ப எப்படியோ உள்ள போயிருக்கு. அந்த பெல்ட்டை எவன் அப்படி அகலமாத் தைச்சான்னு எனக்குத் தெரியல.

அப்ப அபிஷா பக்கம் திரும்பி அதோட வலது தோள் மேல கையைப் போட்டேன். அங்கன ஒண்ணும் இல்ல! நான் என்ன சொன்னேன் முதல்லயே? ஆபத்துன்னா கை வலது தோளுக்குத்தான் போகும்னு சொன்னேனா இல்லையா? போச்சுல்லா? ஹோஸு அங்கன இருந்திருந்தா அந்த நொடியே பிடிச்சிருப்பேன். இதைத்தான் நான் ஆபீஸ்லயும் சொன்னேன். ஒரு பய காதுல வாங்கல.

அதுக்குள்ள அந்தப் பிள்ளை என்ன செஞ்சிச்சுன்னா, தன் வாயில இருந்த ரெகுலேட்டரை உருவி என் வாயில வச்சிட்டு. கழுத்துல தொங்குன ஸ்பேரை அது எடுத்துக் கடிச்சிக்கிட்டு. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள. பெறகு என் தோள்பட்டை வாரைப் பிடிச்சுக்கிட்டு, என் கண்ணையே பாத்துக்கிட்டு, மெதுவா மேல கூட்டிக்கிட்டு வந்துச்சு. அதாவது நாங்க ரெண்டு பேரும் மேல வந்தோம். அஞ்சு மீட்டர்ல மூணு நிமிசம் நிக்கணும், சட்டுன்னு மேல வந்தா உடம்புக்கு ஆகாது, அங்கனயும் நின்னோம். பெறகு படகு. முடிஞ்சிட்டு. இதைப் போயி ஊரெல்லாம் ஒரு கதையாப் பேசுதானுவ.

அன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸுக்கு ரிப்போர்ட் எழுதணும்லா, அந்தப் பிள்ளைதான் எழுதுச்சு. எனக்கு ஒரே கொதிப்பு. என்ன எழுதியிருக்கும்? கஸ்பார் தொட்டுப் பாக்க விடல, கஸ்பாருக்கு பெல்ட்டு கட்டத் தெரியல, இப்படித்தான் எழுதியிருக்கும்னு நினைச்சு மேனேஜர் மேசையில இருந்து பிடுங்கிப் பாத்தேன். 'மவுத்பீஸ் கிழிந்தது. இருவரும் பாதுகாப்பாக மேலே வந்தோம்.' அம்புட்டுதான் எழுதியிருக்கு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு இன்னும் ஆத்திரம் வந்துட்டு அண்ணாச்சி. யாரு கேட்டா? எனக்கு ஒருத்தி இரக்கம் காட்டணுமா? எழுதட்டுமே! எழுதியிருந்தா நின்னு சண்டை போட்டிருப்பேன்ல!

ஆனா மேனேஜரு ஒண்ணும் குழந்தை இல்ல. கிழிஞ்ச மவுத்பீஸைக் கையில எடுத்துப் பாத்தாரு. ரெண்டு திண்டும் பாதிதான் இருக்கு, மிச்சத்துல பல்லுத் தடம் பதிஞ்சு கெடக்கு. ஸ்டோர் நோட்டைக் கொண்டாரச் சொன்னாரு. பெறகு சொன்னாரு, “கஸ்பாரு, உங்களுக்கு ரெண்டு வழிதான். ஹோஸை மாத்துங்க, நாளைக்கே இறங்குங்க. இல்ல மாத்த மாட்டேன்னா தாடை நல்லா இருக்குன்னு பல் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் படகுல இருந்து கயித்தைப் பிடிங்க.”

கயித்தைப் பிடிக்கணுமாம். நான். கீழ நாலு பேரு வேலை பாப்பானுவ, நான் மேல உக்காந்து காத்துக்குமிழியைப் பாத்துக்கிட்டு இருக்கணும். இருபத்திரெண்டு வருசத்துக்கு அப்புறம். “காயிதம் கொண்டாரேன், ஹோஸை மாத்த மாட்டேன்”னு நேருக்கு நேரா சொல்லிட்டு வந்தேன். கதவை வேற சாத்துனேன். நல்லாச் சாத்துனேன்.

ஒன்பது போயிட்டா? சரி.

ஒரு முழ ஹோஸுக்கு ஏன் இம்புட்டு வீம்புன்னுதானே பாக்கீய? உங்க கண்ணு கேக்குது. எல்லாரும் அதைத்தான் கேக்கானுவ. போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாரோம், வாசல்ல அபிஷா நிக்கி. கையில ஒரு பை. உள்ள வந்து உக்காந்து, நீளமான புது ஹோஸையும் அந்தச் சுத்துற மூட்டையும் சாப்பாட்டு மேசையில எடுத்து வச்சிச்சு. “அண்ணே, ஒரே ஒரு நாளு போட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா நானே கழட்டித் தாரேன். நீங்க இல்லாம கீழ நல்லா இல்ல.” இப்படிப் பேசுனா மனுசன் என்னத்தைத் திட்டுறது?

செல்சி அந்த ஹோஸைக் கையில எடுத்தா. வளைச்சுப் பாத்தா. அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. “ஏம்மா, இதைப் போட்டா தாடை வலிக்காதா?”ன்னு கேட்டா.

“வலிக்காது அக்கா. இழுத்தாத்தானே வலிக்கும்.”

“யாருக்குமே வலிக்காதா?”

“வாய் அமைப்பு ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி இருக்கும் அக்கா. சின்னத் தாடையா இருந்தா தோள் வழியா வாரது ரொம்பவே வலிக்கும். இது யாருக்கும் இழுக்காது.”

செல்சி ஹோஸை மேசையில வச்சா. வச்சிட்டு என்னைப் பாத்துக் கேட்டா, “அப்ப நம்ம ரூபனுக்கும் வலிச்சிருக்காதா?”

ரூபன் யாருன்னா, செல்சியோட தம்பி. ஒரே தம்பி. ஒன்பது வருசத்துக்கு முன்னால நான்தான் அவனை வேலைக்குக் கூட்டிட்டு வந்தேன். அவன் மாதிரி ஒருத்தனை நான் தண்ணிக்குள்ள பாத்ததில்ல அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லணும். மூச்சடக்குனா என்னைவிட ரெண்டு மடங்கு நேரம் கெடப்பான். ஆனா சிலிண்டரைக் கட்டி இறக்குனா அரை மணி நேரத்துல மேல வந்துருவான். 'அத்தான், தாடை வலிக்கு, வாயைப் பிடிக்க முடியல, காது வரைக்கும் இழுக்கு'ம்பான். நான் ஏசுவேன். எனக்கு மட்டும் என்ன வாய் இரும்பாலேயா செஞ்சிருக்கு, நான் கடிக்கல? ஒரு மாசம் பாத்தேன். பெறகு, இவன் ஆழத்துக்கு லாயக்கில்லன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொந்தக்காரன்னு பாக்கல. அதுல எனக்கு அப்ப ஒரு பெருமை.

அந்தக் காயிதத்தைப் பாத்துட்டு எந்தக் கம்பெனியும் அவனை எடுக்கல. இப்ப உப்பு லாரி ஓட்டுதான். எங்க வீட்டுக்கு வாரதில்ல. எங்க மகளுக்குக் கோயில்ல முதமுதலா நற்கருணை குடுத்தாவளே, புதுநன்மை, அன்னைக்குத் தாய்மாமன்னு ஒருத்தன் இருந்தும் நாற்காலி காலியாத்தான் கெடந்துச்சு. செல்சி அன்னைக்கும் என்னைக் குத்தம் சொல்லல. ஒன்பது வருசமா சொன்னதில்ல. 'அவனுக்கு முடியலைன்னா நீங்க என்ன செய்வீங்க'ன்னுதான் சொல்லுவா. ஞாயித்துக்கிழமைதான் முத தடவையா அப்படி ஒரு கேள்வி கேட்டா. கேட்டுட்டு என் பதிலுக்கு நின்னா. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் புரியல, தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

நான் சொன்னேன், “அவனுக்கு எது போட்டாலும் வலிச்சிருக்கும். அவன் அப்படி. ஹோஸுல என்ன இருக்கு?”

வேற என்ன சொல்லச் சொல்லுதீய?

அதனாலதான் மாட்ட மாட்டேங்கேன். மாட்டிக்கிட்டு இறங்கி, மேல வந்து, அவ மூஞ்சியைப் பாத்து 'வலிக்கல'ன்னு நான் சொல்ல முடியுமா? சொல்லுங்க. காயிதம் வாங்கிட்டா கேள்வியே கெடையாது. கஸ்பாரு தாடை நல்ல தாடை, தோள் வழியா வந்தா ஒரு கேடும் இல்ல, வலிச்சது ரூபனோட குறை. முடிஞ்சிட்டுல்லா? மூணு டாக்டரைப் பாத்தாச்சு. மூணு பேரும் எழுத மாட்டேன்னுட்டானுவ. 'வாய் ரெண்டு விரல் அகலம்கூடத் திறக்கல, மூட்டுத் தேஞ்சிருக்கு'ங்கான். இவரு நாலாவது. இவரும் மாட்டேன்னா திருநெல்வேலியில டாக்டரே இல்லையா? மதுரையில இல்லையா?

பதினொண்ணா? நான்தாம்மா. வாரேன், ஒரு நிமிசம்.

அண்ணாச்சி, காதைக் கொஞ்சம் குடுங்க. நீங்க யாரோ, நான் யாரோ, அதனால சொல்லுதேன். அன்னைக்கு அஞ்சு மீட்டர்ல மூணு நிமிசம் நின்னோம்னு சொன்னேன்ல. அந்தப் பிள்ளையோட ஹோஸுதான் என் வாயில இருந்துச்சு. வலிக்கல. இருபத்திரெண்டு வருசத்துல முத தடவையா ஒண்ணுமே வலிக்கல. மூஞ்சியில மாட்டுன கண்ணாடிக்குள்ள எனக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு, அந்தப் பிள்ளை நான் பயந்துட்டேன்னு நினைச்சுத் தோளைத் தட்டிக் குடுக்கு. நான் ரூபனை நினைச்சுக்கிட்டு நின்னேன்.

வாரேம்மா, வாரேன். கூப்பாடு போடாதீய. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு.